ஈரக் காற்றில் பழைய கேம் மெஷின்கள்

சிங்கப்பூர் வீட்டின் ஸ்டோர் ரூமிலோ பாம் ஷெல்டரிலோ கிடந்த எண்பதுகளின் கணினியையோ கேம் மெஷினையோ இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறீர்கள் என்றால், தூசி தட்டிய கையோடு பிளக்கைச் சொருகத்தான் மனம் துடிக்கும். தயவுசெய்து சொருகாதீர்கள். நாற்பது வருடம் பொறுத்த மெஷின் இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். பழைய கணினிகளைச் சேர்த்து, பழுது பார்த்து, வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடிவருகிறவன் நான். யார் வந்து கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம், மெஷினின் மின்சாரப் பெட்டிக்குள் (பவர் சப்ளை) இருக்கும் ஒரு சின்னப் பொருள். அந்தக் காலத்து 220 வோல்ட் கணினிகள் பலவற்றில், வீட்டு மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். காகிதத்துக்கு உலோகப் பூச்சு கொடுத்துச் சுருட்டி, உள்ளே தெரிகிற மாதிரி மஞ்சள் நிற உறையில் அடைத்திருப்பார்கள். வருடங்கள் ஓட ஓட அந்த உறையில் முடியளவு வெடிப்புகள் விடும். அதன் வழியே ஈரம் இறங்க, காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் 230 வோல்ட் பாய்ந்தால் சூடேறி, டப்பென்று வெடித்து, வீடு முழுக்க நாற்றமடிக்கும் புகைதான். எல்லா நாட்டிலும் நடப்பதுதான் இது. ஆனால் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும் சிங்கப்பூரில் அதற்கு வாய்ப்பு அதிகம். தோ பாயோவில் நண்பர் வீட்டில் ஒரு மெஷின் பத்து நிமிடம் அழகாக ஓடிவிட்டு, அதற்குப் பிறகுதான் புகைந்தது. ஆகவே 'போட்டுப் பார்த்தேன், ஓடுது' என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.

அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு அதே அளவில் எக்ஸ்2 வகை பிலிம் கெப்பாசிட்டர் வைக்கச் சில வெள்ளிதான் செலவு. சாலிடரிங் பழக்கமில்லாதவர்கள் மட்டும் மின்சாரப் பெட்டியைத் தாங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். சிம் லிம் டவரில் உதிரிபாகம் விற்கும் கடைகளில் விசாரித்தால், செய்து தரக்கூடிய ஆள் யாராவது தெரியவருவார். அங்கே வருகிறவர்களில் வயதான டெக்னீஷியன்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மெஷின்கள் பழம்பொருள் இல்லை, கை பழகிய வேலை.

எனக்கு இதில் பிடிப்பு வந்தது சித்தப்பாவால். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில், இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று உறுதியாக நம்பி, சம்பளத்தில் சேர்த்துச் சேர்த்து ஆப்பிள் 2-இன் நகல் ஒன்றை வாங்கினார். அசல் ஆப்பிள் அவர் சம்பளத்துக்கு எட்டாத விலை. 1977-இல் வந்த அந்தக் கணினியை ஸ்டீவ் வாஸ்னியாக் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சாதாரணச் சில்லுகளை வைத்தே வடிவமைத்திருந்தார். அதனால் தைவான் பட்டறைகளுக்கு நகலெடுப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. சித்தப்பா அதில் பேசிக் மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அவர் ஷிஃப்டுக்குப் போன நேரங்களில் நாங்கள் லோட் ரன்னர், சாப்லிஃப்டர், கராத்தேகா எல்லாம் விளையாடக் கற்றுக்கொண்டோம். பல வருடம் கழித்து, பிடோக் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தபோது என்னைக் கூப்பிட்டார். "காரங்குனிக்குப் போட மனசு வரலடா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, எடுத்துட்டுப் போ" என்றார். காரங்குனி என்றால் வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்குகிறவர். மெஷின், டிரைவ், பிஸ்கட் டின் நிறைய ஃபிளாப்பி டிஸ்க் எல்லாம் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டன.

கணினியைவிட அந்த டின்தான் பெரிய வேலை வைத்தது. புது வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டர் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்டது. கதவைச் சாத்திவிட்டால் காற்றோட்டம் மிகக் குறைவு. எல்லோரும் அதைத்தான் சாமான் அறையாக்கியிருக்கிறோம். காந்தப் பூச்சுள்ள டிஸ்குக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. 5.25 அங்குல டிஸ்கை எடுத்து, நீள்வட்டத் திறப்பு வழியே வெளிச்சத்தில் பாருங்கள். நடுவட்டத்தை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே பாருங்கள். பளபளப்பான பழுப்புப் பரப்பில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புள்ளி, கோலம் மாதிரி கிளை எதுவும் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த டிஸ்கை டிரைவில் போடவே கூடாது. டிரைவின் படிக்கும் தலை அந்தப் பூஞ்சையைச் சுரண்டும், கூடவே டிஸ்கின் பூச்சும் போகும். தலையில் ஒட்டியது அடுத்து வரும் நல்ல டிஸ்கையும் கீறும்.

கழுவ முடியும். உறையின் மேல் விளிம்பைக் கூரிய கத்தியால் பிரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டத்தை வெளியே எடுத்து, நூல் பிரியாத மென்துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, வட்டப் போக்கிலேயே மெல்லத் துடைக்க வேண்டும். நன்றாக உலர்ந்ததும் நல்ல உறை ஒன்றுக்குள் போட்டு, ஒரே ஒரு முறை ஓட்டிப் படித்துவிடலாம். முதலில் போனாலும் பரவாயில்லை என்கிற டிஸ்கில் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிஸ்குக்குப் பிறகும் டிரைவின் தலையைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் அவசரமே ஆகாது.

'ஒரே ஒரு முறை' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு முறையிலேயே டிஸ்கில் இருப்பதை முழுதாகக் கோப்பாக எடுத்துவிட வேண்டும். ஆப்பிள் 2-க்கு ஏடிடி புரோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய கணினியின் கேசட் துளைக்கும் இன்றைய லேப்டாப்பின் ஒலித் துளைக்கும் ஒயர் போட்டாலே, டிஸ்கில் உள்ளது ஒலியாகப் போய்க் கோப்பாக இறங்கிவிடும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு விற்ற அசல் டிஸ்குகளுக்கு இது போதாது. கிரீஸ்வீசல் மாதிரி, காந்த அலையையே அப்படியே பதிவு செய்யும் சின்னப் பலகை வேண்டும். ஆனால் சிங்கப்பூர் வீடுகளில் கிடைக்கும் டிஸ்குகளில் பெரும்பாலானவை பூட்டு உடைக்கப்பட்ட நகல்கள். 1987-இல் பதிப்புரிமைச் சட்டம் வருவதற்கு முன் இங்கே அப்படித்தான் விற்றார்கள், வாங்கினார்கள். அவற்றைப் படிப்பதில் சிக்கல் இல்லை. கேம் டிஸ்குகளை விட்டுவிட்டாலும், கையால் பெயர் எழுதிய டிஸ்குகளை முதலில் எடுங்கள். சித்தப்பாவின் டின்னில் அவர் எழுதிய சீட்டுக் கணக்கு நிரல் ஒன்று இருந்தது. லோட் ரன்னர் எங்கேயாவது கிடைத்துவிடும். சித்தப்பாவின் நிரல் வேறெங்கும் கிடைக்காது.

எடுத்தாயிற்று, இனி எப்படி வைத்துக்கொள்வது? கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் டிஸ்குகளுக்கும் கேசட்டுகளுக்கும் மிகப் பொருத்தம். ஈரப்பதத்தை 40 முதல் 45-க்குள் வைத்தால் பூஞ்சை வளராது. அது இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். ஆனால் கணினியை இப்படி டப்பாவில் அடைத்து வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. வாரம் ஒரு முறையாவது போட்டு, சூடேற விட்டு, விளையாட வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் அந்தச் சூட்டில் போகும். விசைகளின் தொடுமுனைகள் அமுக்க அமுக்கத்தான் சுத்தமாக இருக்கும். டிரைவின் மோட்டாரும் இறுகாது. பத்திரமாகச் சுற்றி மூடி வைத்து அழிந்துபோன மெஷின்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தினமும் தட்டிக்கொண்டிருந்த மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. இந்த ஊரில் பழைய கேம் மெஷினை வைத்திருப்பது என்றால், அதை விளையாடிக்கொண்டே இருப்பது என்றுதான் அர்த்தம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

விளையாடுவது என்றதும் காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஞாபகம் வராமல் இருக்காது. சிங்கப்பூரில் எண்பதுகளின் தொடக்கத்திலேயே வீடியோ கேம் கடைகளுக்குத் தடை வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், காசைத் தொலைக்கிறார்கள் என்ற கவலை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு முன் அண்ணன் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறது. அவன் ஆட, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் அந்த நான்கு சுர நடைச்சத்தம், எதிரிகள் குறையக் குறைய வேகமெடுக்கும். நெஞ்சு படபடக்கும். 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக அதை உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அந்த வேகத்தை முதலில் திட்டமிடவில்லை. உள்ளே இருந்த 8080 சில்லுக்கு 55 எதிரிகளையும் நகர்த்த நேரம் பிடித்தது. சுடச்சுட எண்ணிக்கை குறைந்தது, வேலையும் குறைந்தது, மிஞ்சியவை ஓடத் தொடங்கின. அதைப் பார்த்து, இதுவே நன்றாக இருக்கிறது என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். தங்கை பிள்ளைகளுக்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போட்டுக் காட்டும்போது இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதற்கப்புறம் அவர்கள் கடைசி எதிரியைச் சுடுவதற்கு முன்பே அதன் வேகத்தைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடைகள் மூடிய பிறகு புளோக்குக்குக் கீழே கையடக்க கேம்களை வாடகைக்குக் கொடுப்பவர் இருந்தார். எங்கள் பேட்டையில் 20 காசு கொடுத்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும். யாரும் தூக்கிக்கொண்டு ஓடாமல் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். பிடிக்கிறது, ஒரு நிபந்தனையோடு. கேம் எப்படி யோசிக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விளையாட விட வேண்டும். அதற்கு பேக்-மேனைவிட நல்ல பாடம் கிடையாது. நாம்கோவில் தோரு இவாதானி தலைமையில் 1980-இல் வந்தது. பார்ப்பவர்களுக்கு நான்கு பேய்களும் கண்டபடி துரத்துவது போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தி. சிவப்புப் பேய் பிளிங்கி, பேக்-மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். புள்ளிகள் தீரத் தீர வேகமும் கூடும். இளஞ்சிவப்புப் பிங்கி, நம் முகம் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் தள்ளி வந்து மறிக்கப் பார்க்கும். நீல இங்கி, பிளிங்கி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும், அதனால்தான் அதை ஊகிக்க முடிவதில்லை. ஆரஞ்சு கிளைட் தூரத்தில் இருக்கும்வரை நேராக வரும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் விலகித் தன் மூலைக்குப் போய்விடும்.

"மாமா, இது மட்டும் ஏன் பக்கத்துல வந்துட்டுத் திரும்பிப் போகுது?" என்று தங்கை மகள் கேட்ட அன்றுதான் அவள் உண்மையில் விளையாடத் தொடங்கினாள் என்பேன். கேம் சொல்லாத ஒன்றை அவளே கண்ணால் பிடித்துவிட்டாள். மீதியை நான் சொன்னேன். பிங்கி எதிரே வந்தால் பயந்து ஓடாமல் அதை நோக்கியே போனால், அதன் குறி அதன் முதுகுக்குப் பின்னால் விழும், பக்கத்தில் சந்து இருந்தால் அது விலகிவிடும். கூடவே ஒரு பிழையும் உண்டு: பேக்-மேன் மேலே பார்க்கும்போது பிங்கியின் குறி நேர் மேலே விழாமல் நான்கு கட்டம் இடப்பக்கமும் தள்ளி விழும். ஓரச் சுரங்கத்துக்குள் பேய்கள் மெதுவாகும், நாம் மெதுவாக மாட்டோம். புள்ளியைத் தின்னும்போது நம் வேகம் ஒரு பொட்டுக் குறையும். ஆகவே துரத்தலில் மாட்டினால் ஏற்கெனவே தின்று காலியான பாதையில் ஓட வேண்டும். மூலை திரும்பும்போது ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னதாகவே திருப்பினால் பேய்களைவிட வேகமாகத் திரும்பலாம். முதல் சுற்றில் பேய்கள் முதல் 7 வினாடி தங்கள் மூலைக்குப் போய், பிறகு 20 வினாடி துரத்தும். நான்கும் ஒரே நேரத்தில் திசை மாற்றித் திரும்பினால் அந்த மாற்றம் நடந்துவிட்டது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு நாற்பது வருடத்துப் படம் பழசாகத் தெரிவதில்லை. 256-ஆவது நிலையில் எண் 8 பிட்டுக்குள் அடங்காமல் திரையின் வலப்பாதி எழுத்துக் குப்பையாகிவிடும் என்று சொன்னபோது, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவள் அடம்பிடித்ததை இன்னும் மறக்கவில்லை.

சரி, மறுபடி மெஷினுக்கு வருவோம். சிங்கப்பூரில் கைமாறும் கேம் மெஷின்களில் நிறைய ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நமது 230. பிளக் மாற்றும் அடாப்டரைப் போட்டால் உருவம்தான் மாறும், வோல்ட் மாறாது. 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் பழைய அடாப்டரை நம் சுவரில் சொருகினால் அது கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், அல்லது நம் ஊர் மின்சாரத்துக்கான புது அடாப்டரை வாங்கலாம். புதிதாக வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, நடுமுனை நேரா எதிரா. ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி வேண்டும், நடுமுனை எதிர். அதன் அமெரிக்கத் தம்பியான என்இஎஸ்ஸின் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி தரும். முனை ஒன்றாகவே இருக்கிறதே என்று மாற்றிப் போட்டு மெஷினை இழந்தவர்கள் உண்டு.

கொமடோர் 64 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1982-இல் வந்த அருமையான கணினி. அதன் ஒலிச் சில்லுக்காகவே இன்றைக்கும் பாட்டு எழுதுகிறார்கள். ஆனால் அதன் பழைய மின்சாரக் கட்டி கெடும்போது நின்றுபோகாமல், 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் அதிகமாகத் தரத் தொடங்கும். நினைவகச் சில்லுகள் ஒவ்வொன்றாகப் போகும். கட்டிக்குள் பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பழுது பார்ப்பதும் சிரமம். கணினியில் இணைப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 5.2-ஐத் தாண்டினால் அதை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாகச் செய்து விற்கும் மாற்றுக் கட்டியை வாங்கிவிடுங்கள். அளவு சரியாகக் காட்டினாலும் நான் அப்படித்தான் செய்வேன்.

கேட்ரிட்ஜை வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருந்தது. விட்டுவிடுங்கள். எச்சில் ஈரம் தொடுமுனையை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். மஞ்சளாகிப்போன உறையை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, மஞ்சள் அப்படியே இருக்கட்டும். மதர்போர்டில் சாலிடர் செய்த பேரல் வடிவப் பழைய பேட்டரி இருந்தால் மட்டும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஒழுகினால் செம்புத் தடங்களையே தின்றுவிடும்.

அடுத்த தலைவலி டிவி. சிங்கப்பூரில் 2019 தொடக்கத்தோடு அனலாக் ஒளிபரப்பு முடிந்துபோனது. அதையொட்டி நல்ல நிலையில் இருந்த டியூப் டிவிகள் எத்தனையோ புளோக்குக் கீழே குப்பைக்கு வந்தன. இன்று ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். நம் ஊர் டிவி பால் (PAL) ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். ஜப்பானும் அமெரிக்காவும் 60. பாலுக்காக மாற்றாமல் விட்ட கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும். சின்ன வயதில் கேட்ட இசையும் இப்போது கேட்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பழைய ஃபேமிகாம் படத்தை ஜப்பானிய அலைவரிசையில் அனுப்புவதால் நம் டிவி அதைச் சரியாகப் பிடிக்காது. 1993-இல் வந்த ஏவி துளை உள்ள மாடலைத் தேடுவது நல்லது.

எல்சிடி டிவியில் விளையாடுகிறவர்கள் முதலில் அதன் 'கேம் மோட்' அமைப்பைப் போடுங்கள். பொத்தானை அமுக்கியதற்கும் மரியோ குதிப்பதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு தாமதம்தான், 'சின்ன வயசுல இதைச் சுலபமா முடிச்சேனே' என்று நம்மைத் திகைக்க வைக்கிறது. மலிவான எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகள் அதை இன்னும் கூட்டும். அவை பழைய 240 வரிப் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு மங்கலாகவும் ஆக்கிவிடும். ரெட்ரோடிங்க் மாதிரி இதற்கென்றே செய்த பெட்டி விலை அதிகம்தான், ஆனால் வித்தியாசம் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். வாத்து சுடும் கேமோடு வந்த துப்பாக்கி எந்த எல்சிடியிலும் வேலை செய்யாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி உடனே பார்க்க வேண்டும். டியூப் டிவி அளவுக்கு எல்சிடி விரைவாக அதைக் காட்டுவதில்லை.

பிசி கேம்களுக்கு வரும்போது எனக்குத் தனிப் பெருமை. அதில் பாதிச் சத்தம் நம் ஊரில் பிறந்தது. சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கியதுதான் கிரியேட்டிவ் நிறுவனம். 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, இசையும் பேச்சும் தருவதோடு ஜாய்ஸ்டிக் துளையையும் சேர்த்தே கொடுத்தது. அதுவரை ஜாய்ஸ்டிக்குக்கென்று தனி அட்டை வாங்க வேண்டும். விளையாடுகிறவர்கள் எல்லோரும் அதைத் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கும், பழைய பிசி கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் கேம் ஒலி அமைப்பைக் கேட்டால் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுத்து, அது கேட்கும் எண்களுக்கு 220, 7, 1 என்று கொடுங்கள், சத்தம் வந்துவிடும். கேம் தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோல் விசையோடு எஃப்11 அமுக்கி வேகத்தைக் குறைக்கலாம், எஃப்12 கூட்டும். பேராட்ரூப்பர், டிக்கர் போன்றவை 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியை மனதில் வைத்து எழுதியவை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் டர்போ பொத்தான் இருந்ததும் இதற்காகத்தான்.

பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1997-இல் தொடங்கிய மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டர் இல்லாவிட்டால் எத்தனையோ ஆர்கேட் கேம்கள் இன்று இருந்த தடமே இருக்காது. நிறைய பழைய கேம்கள் இன்றைய கன்சோல்களில் முறையாக மறுவெளியீடும் ஆகியிருக்கின்றன, சில வெள்ளிக்கு வாங்கலாம். வீட்டில் இடமில்லை, சாலிடரிங் தெரியாது என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பேக்-மேனைக் கீபோர்டில் ஆடுவதில் எனக்குச் சுவை இல்லை. அந்த கேமுக்கு நான்கு திசை மட்டுமே நகரும் ஜாய்ஸ்டிக் வேண்டும். எட்டுத் திசைக் குச்சியில் மூலைக்கு மூலை தடுமாறும்.

மெஷினே வேண்டும் என்கிறவர்கள் முன்பு சுங்கை ரோடு சந்தையில் அலசுவார்கள். 2017-இல் அது மூடப்பட்ட பிறகு பெரும்பாலும் கைமாற்று விற்பனைச் செயலியான கரௌசெல்தான். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், ஓடாது என்றே எடுத்துக்கொண்டு அதற்கேற்ற விலை பேசுங்கள். ஓடுகிறது என்றால் ஓடும் வீடியோ கேளுங்கள், கேட்ரிட்ஜ் என்றால் உள்ளே இருக்கும் பலகையின் படம் கேளுங்கள். அசல் பலகையில் நிறுவனத்தின் பெயரும் தேதியும் அச்சாகி இருக்கும். போலியில் கறுப்புக் குமிழ் மாதிரி பிசின் சொட்டு இருக்கும், அல்லது கையால் செய்த சாலிடர். ஒருவர் எனக்கு அசல் விலைக்குப் போலியை விற்கப் பார்த்தார். இந்தப் படத்தைக் கேட்டதும் பதிலே வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது லோட் ரன்னர். டக்ளஸ் ஸ்மித் எழுதி 1983-இல் வந்தது. 150 நிலைகள் தவிர, நாமே புது நிலை கட்டிக்கொள்ளும் வசதியும் அதற்குள் உண்டு. அந்தக் காலத்தில் எங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தங்கை மகள் கணக்கு நோட்டில் அகலம் 28, உயரம் 16 கட்டம் போட்டு, ஏணி எங்கே, செங்கல் எங்கே, தங்கம் எங்கே என்று முதலில் பென்சிலில் வரைகிறாள். பிறகு மெஷினில் ஏற்றி, ஐ ஜே கே எல் விசைகளில் ஓடிப் பார்த்து, டிஸ்கில் சேமிக்கிறாள். அந்த டிஸ்கையும் கோப்பாக எடுத்து மற்றவற்றோடு வைத்திருக்கிறேன். அவளுடைய வகுப்புத் தோழிக்கு ஒரு பிரதி அனுப்பினோம். எமுலேட்டரில் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு, மூன்றாவது நிலையில் வலது ஓரத்துத் தங்கத்தை எடுக்கப் போனால் திரும்ப வழியே இல்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். ஏணியை எங்கே வைப்பது என்று இந்த வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.